கரும்பலகையில் எரியாத விளக்கு

நம் தோட்டப் பாடசாலைகளின் கரும்பலகைகளில் எத்தனையோ மின்விளக்குகள் வரையப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் எரிந்ததில்லை.

ஆசிரியர் சுண்ணக்கட்டியால் ஒரு மின்கலத்தை வரைகிறார். ஓர் ஆளியை வரைகிறார். கம்பியைக் குறிக்கக் கோடு இழுக்கிறார். வட்டத்துள் ஒரு பெருக்கற் குறியிட்டு, அதுவே விளக்கு என்கிறார். பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள்; மனனஞ் செய்கிறார்கள்; பரீட்சைத் தாளில் அதையே திரும்ப வரைகிறார்கள். சுற்று மூடப்பட்டால் மின்னோட்டம் பாயும் என்று பிழையின்றி எழுதும் பிள்ளை, தன் கையால் ஒரு சுற்றை மூடி ஒரு விளக்கை எரித்துப் பார்த்ததில்லை. ஏன் இல்லை என்று கேட்டால் ஒரே விடைதான் வருகிறது: "பணமில்லை."

இந்த விடையை எத்தனை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம்! ஆனால் இன்று அந்த விடை செல்லுபடியாகாது என்பதை எடுத்துக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம். நீதிமன்ற வழக்கில் எதிராளியின் எதிர்வாதம் ஒன்று அடியோடு சரியும்போது, வழக்கின் போக்கே மாறிவிடும். மலையகப் பிள்ளையின் விஞ்ஞானக் கல்வி என்னும் நீண்ட வழக்கிலும் அப்படியொரு கட்டம் வந்திருக்கிறது. அதனைக் கொண்டுவந்தது ஒரு சட்டமன்று, ஒரு பேனை.

கோடே கம்பியாகும் விந்தை

மின்கடத்தும் மை என்பது புரியாத புதிரன்று. சாதாரண மையிற் சாயம் இருக்கிறது. இந்த மையில் வெள்ளி, கரி போன்ற மின்கடத்தும் பொருள்களின் நுண்துகள்கள் இருக்கின்றன. தாளில் வரைந்து மை உலர்ந்ததும் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அப்பொழுது கோடே கம்பியாகிறது. அதன் ஒரு முனையில் மின்கலத்தையும், மறு முனையில் எல்.ஈ.டி. என்று வழங்கும் சிறு விளக்கையும் வைத்துச் சுற்றை நிறைவு செய்தால் விளக்கு எரியும். ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டியதில்லை. செப்புத் தகடும் அமிலத் தொட்டியும் வேண்டியதில்லை.

2009ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் கலைக் கல்லூரி மாணவர்கள் சிலர், மனிதத் தோலிலும் பூசத்தக்க மின்கடத்தும் மை ஒன்றை உருவாக்க முனைந்தனர். அம்முயற்சியிலிருந்து கரி கலந்த மின்கடத்தும் வர்ணம் விற்பனைக்கு வந்தது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஜெனிபர் லூயிஸ் அம்மையாரின் குழுவினர், வெள்ளித் துகள் மையைச் சாதாரண உருள்முனைப் பேனையில் நிரப்பித் தாளில் மின்சுற்றுகளை வரைந்து காட்டினர். இரண்டாண்டுகளில் அத்தகைய பேனை பொதுமக்களின் நிதியுதவியோடு விற்பனைப் பொருளாயிற்று. யப்பானிய ஆராய்ச்சியாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும் வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளி மையிட்டுச் சுற்றுகளை அச்சடிக்கலாம் என்று 2013இல் நிறுவினர்.

இவையெல்லாம் தூர தேசத்துச் செய்திகள். வெள்ளிப் பேனையோ விலை கூடியது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடையைப் பெரகலவிலே கண்டோம்.

பெரகலவிற் கண்டது

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் பெருந்தெரு பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகிறது; மற்றையது கொஸ்லந்தைக்கும் வெல்லவாயாவுக்கும் இறங்குகிறது. காற்றும் மூடுபனியும் ஓயாத அந்தச் சந்தியைச் சுற்றி மலைச் சரிவெங்கும் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயன் வரிசைகள். லயங்களுக்கு அருகே தோட்டப் பாடசாலைகள்.

சில காலத்திற்கு முன்னர் ஒரு காணி விடயமாக அப்பகுதிக்குச் சென்றிருந்த நாம், மழைக்கு ஒதுங்க ஒரு சிறு பாடசாலைக்குள் நுழைந்தோம். ஏழாந் தரத்தில் விஞ்ஞான பாடம் நடந்துகொண்டிருந்தது. இளம் ஆசிரியர் ஒருவர் கொப்பித் தாளில் மென்மையான படம் வரையும் பென்சிலால் இரண்டு தடித்த பட்டைகளை அழுத்தி அழுத்தித் தீட்டினார். ஒரு முனையில் 9 வோற்று மின்கலத்தை வைத்தார். மறு முனையில் எல்.ஈ.டி.யின் இரு கால்களையும் தொடுவித்தார். சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. வகுப்பு முழுவதும் மேசையைச் சூழ்ந்துகொண்டது.

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "சார், கோட்ட இன்னும் தடிப்பா போட்டா வெளிச்சம் கூடுமா சார்?"

"போட்டுப் பாரு," என்றார் ஆசிரியர்.

அவள் போட்டுப் பார்த்தாள். வெளிச்சம் கூடியது. கேள்வி, பரிசோதனை, முடிவு: விஞ்ஞானம் என்பது இதுதானே! ஆய்வுகூடமில்லாத பாடசாலையில், ஐந்து நிமிடத்தில், ஒரு பென்சிலால் அது நடந்தது. பென்சிலும் மின்கலமும் ஆசிரியரின் சொந்தப் பணத்தில் வாங்கியவை என்று பின்னர் அறிந்தோம்.

இதன் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோற்றைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 7 வோற்று, 1000 ஓம் தடையுள்ள கோட்டினூடாக 7 மில்லியம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். விளக்கு எரிய அது போதும். கோட்டின் நீளத்தை இருமடங்காக்கினால் தடையும் இருமடங்காகும், மின்னோட்டம் பாதியாகும், வெளிச்சம் குறையும். அகலத்தை இருமடங்காக்கினாற் தடை பாதியாகும், வெளிச்சம் கூடும். ஓமின் விதி என்று பிள்ளைகள் உருப்போடும் சூத்திரம் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. செப்புக் கம்பியில் இதனைக் காட்டுவது கடினம். அதன் தடை மிகச் சிறிது. ஆகவே, வெள்ளி மையை விடக் கரிக்கோட்டின் தடை மிக அதிகம் என்ற குறையே வகுப்பறையில் நிறையாகிறது.

பென்சிலின் கோடு போதாதெனின், காரீயத் தூளை வெள்ளைப் பசையுடன் குழைத்துத் தூரிகையாற் பூசலாம். உலர்ந்தபின் அதுவும் கடத்தும். பசை மிகுந்தாற் கடத்தாது; தூள் மிகுந்தால் உதிர்ந்துபோகும்; சரியான அளவைக் காண்பதே ஒரு பாடம். இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் வற்புறுத்துகிறோம். பழைய மின்கலங்களை உடைத்துக் கரி எடுக்கப் பிள்ளைகளை விடலாகாது. உள்ளிருக்கும் இரசாயனம் தீங்கானது. வீட்டு மின்சாரத்தை இந்தச் சுற்றுகளின் அருகே கொண்டுவரவும் கூடாது; அது உயிருக்கு ஆபத்து.

நம் நிலத்தின் கரி

இந்தக் காரீயம் எங்கிருந்து வருகிறது? உலகில் நாளவடிவிற் கிடைக்கும் மிகத் தூய காரீயத்திற்குப் பெயர்போனது இலங்கைத் தீவு. கேகாலை மாவட்டத்தின் போகலச் சுரங்கமும், குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹச் சுரங்கமும் பலராலும் அறியப்பட்டவை. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இக்கரி கப்பலேறிப் போகிறது. கொழுந்தை நாம் பறிக்கிறோம். அதன் பெயரும் இலாபமும் பிறர்க்குச் சேர்கின்றன. கரியை நாம் தோண்டுகிறோம். அதனின்று பிறக்கும் நுண்பொருள்களை அந்நியர் செய்து நமக்கே விற்கிறார்கள். மூலப்பொருளை மூட்டை கட்டி அனுப்பும் நாடு, அறிவை மூட்டை விலைக்கு வாங்கவேண்டியே வரும்.

இதை மாற்ற இடமில்லாமலில்லை. 2008இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் காரீயத்திலிருந்து கிரபீன் செய்யும் ஆராய்ச்சியில் ஈடுபட்டு வந்திருக்கிறது. 2005இல் தொடங்கப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளை நகரிலேயே இருக்கிறது. கனிய வளங்களையும் அவற்றின் தொழினுட்பத்தையும் பட்டப்படிப்பாகவே அங்கு கற்பிக்கிறார்கள். பெரகல மலையிலுள்ள பாடசாலைக்கு வேண்டிய மையைக் கலப்பதற்கு இலினோய்க்கும் இலண்டனுக்கும் போகவேண்டுமா? பதுளைக்குப் போனாற் போதாதா?

மூன்று ஆட்சேபங்கள்

இது விளையாட்டுச் சாமான் என்பது முதல் ஆட்சேபம். கரிக்கோட்டால் வானொலிப் பெட்டி செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாம் கேட்பது வானொலிப் பெட்டியன்று. அதனைத் திறந்து பார்க்க அஞ்சாத பிள்ளை.

தாட்சுற்று நிலைக்காது என்பது இரண்டாவது. உண்மைதான். அப்புத்தளை மூடுபனியில் ஒரு வாரம் கிடந்தாற் தாள் நனைந்து தளரும். மெழுகு தேய்த்தோ ஒட்டுநாடா ஒட்டியோ சில நாள் காக்கலாம். அழிந்தால் மீண்டும் வரையலாம். எழுதிப் பழகும் பிள்ளையின் சிலேற்று நாள்தோறும் அழிக்கப்படுகிறது. அதனால் எழுத்து அழிந்துவிடுகிறதா?

மூன்றாவது ஆட்சேபமே வலியது. அதனை எழுப்புவோர் நம் நண்பர்களே. "ஏழைப் பிள்ளைக்குப் பென்சில், பணக்காரப் பிள்ளைக்கு ஆய்வுகூடம் என்று அரசு பிரித்துவிடாதா? மலிவான மாற்றொன்றைக் காட்டி உண்மையான ஆய்வுகூடத்தைத் தரமறுக்க நாமே வழி திறந்துவிடுகிறோமா?" என்று கேட்கிறார்கள்.

இந்த அச்சம் வீணன்று. ஆகவே நம் நிலையைத் தெளிவாகச் சொல்கிறோம். மின்கடத்தும் மை ஆய்வுகூடத்தின் பதிலாளன்று, அதன் முன்னோடி. ஆறாந் தரத்திற் பென்சிற்கோட்டில் விளக்கை எரித்த பிள்ளைக்குப் பத்தாந் தரத்தில் அம்பியர்மானியும் வோற்றுமானியும் வேண்டும். உயர்தரத்தில் முழு ஆய்வுகூடம் வேண்டும். முதலாவதைத் தந்துவிட்டோம் என்று சொல்லி மற்றையவற்றை மறுப்பவர் எவராயினும் அவரோடு வாதாட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

இவ்விடத்தில் இந்திய அனுபவம் ஒன்றை நினைவூட்டுவது பொருந்தும். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 கிராமப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கியது. கையிற் கிடைக்கும் மலிவான பொருள்களைக் கொண்டு பிள்ளைகளே பரிசோதனை செய்தனர். ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி அளிக்கப்பட்டது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சையும் வந்தது. மனனத்திற்கு அங்கே மதிப்பில்லை. விளையாட்டுப் பொருள்களால் விஞ்ஞானம் கற்பிப்பதிற் புகழ்பெற்ற அரவிந்த் குப்தா அந்த இயக்கத்தில் உழைத்தவர்களுள் ஒருவர். நூற்றுக்கணக்கான பாடசாலைகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கிறோம். பொருள் மட்டும் போதாது. ஆசிரியர் பயிற்சியும் பரீட்சை முறையும் அதனுடன் மாறவேண்டும் என்பது ஒன்று. நல்ல திட்டமாயினும், அதனைத் தம் உரிமையாகக் கருதிக் காக்கும் மக்கள் அமைப்பு இல்லையேல் ஓர் அரச கட்டளையால் மறைந்துபோகும் என்பது மற்றது. ஆகவேதான் இதனை அரசியற் பத்திரிகையில் எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பிள்ளையின் வாசலுக்கு அது வரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அப்பிள்ளையின் பெற்றோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. இந்தத் தாமதங்கள் ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையின் கல்வியை விழுங்கின.

இன்றைய அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிப்படுத்துவது அரசின் குறிக்கோள்களுள் ஒன்று என்று கூறுகிறது. அழகான வாசகம்! ஆனால் 29ஆம் உறுப்புரை, அக்கோட்பாடுகளை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாது என்று கூறிவிடுகிறது. ஒரு கையால் விளக்கை நீட்டி, மறு கையால் அதனை அணைத்துவிட்டார்கள். நீதிமன்றக் கதவு அங்கே சாத்தியிருப்பினும் 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை இருக்கிறது. அதற்கும் மேலாக மக்கள் மன்றம் இருக்கிறது.

பாடசாலைகளை 1ஏபி, 1சி, 2, 3 என வகைப்படுத்தியிருக்கிறார்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபிக்கு மாத்திரமே உண்டு. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை 2ஆம் 3ஆம் வகையின. எனவே லயத்திற் பிறந்த பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகிறது என்பதிலேயே, அது வைத்தியராகுமா பொறியியலாளராகுமா என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டுவிடுகிறது. குற்றமே செய்யாதவருக்கு விசாரணையின்றி விதிக்கப்படும் தண்டனைக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் உண்டோ?

மீரியபெத்தையை மறக்கலாகாது

பெரகலவிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் வழியை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள்தாமும் மீளவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது, பதுளை மாவட்டத்தின் மலைகள் மறுபடியும் சரிந்தன.

கரிக்கோடு மலையைத் தாங்கும் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் வரையும் தாட்சுற்றை நம்பி எவரும் சரிவின் கீழ் உறங்கலாகாது. பாதுகாப்பான காணியும் வீடுமே அதற்குப் பரிகாரம். ஆனால் இதனை எண்ணிப் பாருங்கள். தாளில் இரண்டு கரிக்கோடுகளை நெருக்கமாக வரைந்து, இடைவெளியில் மழைநீர் விழச் செய்தால், நீர் அவற்றை இணைக்கும். சிறிதளவு மின்னோட்டம் பாயும். ஒரு திரான்சிற்றர் அதனைப் பெருக்கினால் மணி ஒலிக்கும். இதைச் செய்து பார்த்த பிள்ளை, மழைமானி என்றால் என்ன, எச்சரிக்கைக் கருவி எப்படி இயங்குகிறது, அது நம் தோட்டத்தில் ஏன் இல்லை என்று கேட்கும். கேட்கத் தெரிந்த மக்களிடம், எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பினுள் வைத்து மூடிவிட முடியாது.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு கரிக்குச்சிகளை மண்ணிற் புதைத்து அவற்றினிடையேயுள்ள தடையை அளந்தால், மண் உலர்ந்திருக்கிறதா ஈரமாயிருக்கிறதா என்பதை ஓரளவு அறியலாம். ஈரமண்ணிற் தடை குறையும். வெலிமடையில் மரக்கறி பயிரிடுபவருக்கும், யாழ்ப்பாணத்தில் வெங்காயத்திற்கு நீர் இறைப்பவருக்கும் இது பயன்படும். மலையகப் பிள்ளை கற்றுக்கொள்ளும் வித்தை, சமவெளி விவசாயிக்கும் உதவும்.

நாம் கேட்பவை

அரசிடம் நான்கைக் கேட்கிறோம்.

முதலாவது, ஆறாந் தரம் முதல் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் மின்கடத்தும் மை, சிறு விளக்குகள், மின்கலங்கள் ஆகியவை ஆண்டுதோறும் வழங்கப்படவேண்டும். ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து அரசின் கடமை நிறைவேற்றப்படலாகாது.

இரண்டாவது, செயன்முறைக் கைந்நூல் நல்ல தமிழில், தமிழிலேயே எழுதப்பட்டு வரவேண்டும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலும், வலயக் கல்விப் பணிமனைகளிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படவேண்டும்.

மூன்றாவது, பரீட்சையிற் செயன்முறைக்குப் புள்ளி வேண்டும். புள்ளியில்லாத பாடத்தைப் பாடசாலை கற்பிக்காது.

நான்காவது, தோட்டப் பிள்ளைகள் நாள்தோறும் சென்று திரும்பத்தக்க தூரத்தில், முழு ஆய்வுகூடத்தோடு தமிழ் மொழிமூல உயர்தர விஞ்ஞானப் பிரிவு ஒன்று வேண்டும். முதல் மூன்றையும் தந்து இதனை மறுத்தால், தந்தது ஒன்றுமில்லை என்றே கொள்வோம்.

அரசைக் கேட்டுவிட்டு நாம் சும்மாயிருக்கலாமா? பொறியியலாளர்களே, வைத்தியர்களே, ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே! ஆண்டிலொரு சனிக்கிழமையை ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள். கரியும் பசையும் சிறு விளக்கும் ஒரு பையில் அடங்கும். மேடையில் மலையக மக்களுக்காகக் கண்ணீர் வடிப்பதை விட, மலையகப் பிள்ளையொன்றின் மேசையருகே அரைமணி நேரம் நிற்பது மேலானது. தொழிற்சங்கத் தோழர்களே, சம்பளக் கோரிக்கையோடு இக்கோரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குச் சென்று, "என் பிள்ளை இந்த ஆண்டு எத்தனை பரிசோதனை செய்தது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் படிப்பு வேண்டியதில்லை. உரிமையுணர்ச்சி ஒன்றே போதும்.

பணமில்லை என்ற எதிர்வாதம் சரிந்துவிட்டது. இனி எஞ்சுவது மனமில்லை என்பதே. அதனை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு ஆட்சியாளருக்கும் இராது. அதனை ஏற்றுக்கொள்ளும் பொறுமை நமக்கும் இருத்தலாகாது.

பெரகல மலையில் ஒரு சிறுமி கோட்டைத் தடிப்பாக்கினாள், வெளிச்சம் கூடியது. அவளுக்கு அன்று கிடைத்தது ஒரு பென்சிலும் "போட்டுப் பாரு" என்ற ஒரு சொல்லுமே. அந்த இரண்டும் மலையகத்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் வரை இவ்வழக்கை நாம் முடிக்கப்போவதில்லை.